வேலை வேண்டாமென்று சொல்லவில்லை

அன்பு மகள் சுகந்திக்கு,

நேற்று மாலை நீ போனில் பேசியதில் பாதிதான் என் காதில் ஏறியது. இத்தனை வருஷம் தேயிலை பெக்டரி இரைச்சலுக்குள் நின்ற காது; மனிதர்களின் குரல் இப்போதெல்லாம் தகரக் கூரையில் விழும் மழை மாதிரிதான் கேட்கிறது. ஏறிய பாதியே எனக்குப் போதுமாயிருந்தது. உன் கம்பெனியில் உன்னை ஹட்டன் கிளையிலிருந்து அம்பாறைக் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதற்கு உன் மேனேஜர், சொந்தக் காரணத்தால் விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடும்படியும், நல்ல சான்றிதழ் தருவதாகவும் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் அதை எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன் என்றாய். "வேணாம் பாப்பா, வேணாம்" என்று நான் கத்தினேன். நீ என்ன பதில் சொன்னாய் என்று காதில் விழவில்லை. போன் அணைந்துவிட்டது. நீதான் வைத்தாயா, சிக்னல் போய்விட்டதா என்றும் தெரியவில்லை.

இன்றைக்கு ஞாயிறு. காலையிலிருந்து எழுத உட்கார்வதும் எழுந்து வாசல் இஸ்தோப்புக்குப் போய் மழையைப் பார்ப்பதுமாக இருக்கிறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. முதல் தாளில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் கெஞ்சியிருந்தேன். இரண்டும் சரியில்லை. பகல் பஸ் போவதற்குள் எழுதி முடித்து டிரைவர் கையில் கொடுத்தனுப்பினால், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நிற்கும் மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் தருவார். அவர், "விட்டுட்டு வா, நான் ஓட்டுறேன், பாத்துக்கலாம்" என்று சொன்னாராமே. நல்ல பிள்ளை. ஆனால் அவர் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதே. கேட்பதற்கு முன்னால் இதைப் படி. உனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு விஷயம் உனக்கு முழுதாகத் தெரியாது என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. உன் அம்மா குவைத்துக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீ வயசுக்கு வந்த புதிது. சடங்குக்குப் பெரியம்மா வந்து நின்றாள். தண்ணீர் ஊற்றும்போது உன் அம்மா போனில் குலவைச் சத்தத்தைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தோட்டம் கொடுத்த இந்தக் காம்பராவில் நீயும் நானும்தான். நான் ட்ரையரில் நிற்பேன். அரைத்த கொழுந்து ஈரமாக உள்ளே போய்க் கறுப்புத் தேயிலையாக வெளியே வரும் வரைக்கும் அந்தச் சூட்டை அளவாகப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலை முடிந்து வந்தால் உடம்பெல்லாம் தேயிலைத் தூள். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சுடுதண்ணீர் எடுத்து வைப்பாய்.

அந்த வருஷம் தோட்டத்தில் கொழுந்து குறைந்துபோனது. ஒரு நாள் தோட்டத்தை நடத்திய தொரை எங்களை, மெஷின்களில் வேலை செய்த ஆட்களை மட்டும், ஆபீசுக்குக் கூப்பிட்டார். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த நம்முடைய பெக்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடப்போகிறார்கள் என்றும், கொழுந்து இனி லாரியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும் என்றும் சொன்னார். எங்களை மட்டும் வலப்பனைப் பக்கத்தில் அதே கம்பெனிக்கு இருந்த பெரிய பெக்டரிக்கு அனுப்புவதாகச் சொன்னார். "வேலை போகல. எடம் மட்டும்தான் மாறுது. அதுக்கு ஏன் எல்லாரும் இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும் சந்தோஷமாகத்தான் திரும்பினேன், சுகந்தி. இதை நீ நம்ப வேண்டும். முடியாது என்று நான் எடுத்தவுடன் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரப் போனேன். உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஹட்டன், நுவரெலியா என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. பெக்டரி பெரியது, நல்ல மெஷின்கள். தங்கும் இடத்தைக் கேட்டேன். பெக்டரிக்குப் பின்னால் கொட்டகை மாதிரி ஒரு நீட்டு மடுவத்தைக் காட்டினார்கள். வரிசையாகக் கட்டில்கள், கொடிகளில் ஆம்பளை ஆட்களின் உடுப்புகள், ஒரு மூலையில் சீட்டாட்டம். "குடும்பத்தோட வந்தா எங்கங்க இருக்கிறது?" என்று அங்கே வேலை செய்த ஒருவரைக் கேட்டேன். "குடும்பமா? இங்க எல்லாம் தனி ஆளுங்கதாண்ணே. புள்ளைங்கள யாருக்கிட்டயாவது விட்டுட்டு வாங்க, மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பாத்துக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் வந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உன் அம்மா போன் எடுத்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் எடுத்த எடுப்பிலேயே, "போயிருங்க. புள்ளைய அக்கா வீட்டுல விடுங்க" என்றாள்.

"அக்கா வீட்டுல ரெண்டு வளந்த பயலுங்க இருக்கானுங்க. மாமா குடிச்சிட்டு வாற மனுசன். அங்க எப்படி விடுறது?"

"நான் விட்டுட்டு வரலியா?"

"நீ என்னைய நம்பி விட்டுட்டுப் போன. ஒரு ஆளு கடல் தாண்டிப் போயாச்சு. இன்னொரு ஆளும் மலை தாண்டிப் போயிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

அவள், வேலை செய்யும் வீட்டுக்காரம்மா கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் இடையில் அந்தப் பேச்சு இன்றைக்கும் முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தொரையிடம் போய்ச் சொன்னேன். வலப்பனைக்குப் போக முடியாது, பக்கத்துத் தோட்டத்து பெக்டரியில் எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன், கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். அங்கே ஆள் வேண்டாம் என்றார். "போகாட்டி விலகுறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. எனக்கும் தொல்லையில்ல, ஒனக்கும் தொல்லையில்ல" என்று ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எனக்கு முன்னால் மாரிமுத்து மாமா நின்றுகொண்டிருந்தார். உனக்கு அவரைத் தெரியும், எங்கள் பெக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்தவர், மாட்டுப் பொங்கலுக்கு உனக்குக் கரும்பு வெட்டித் தருவாரே, அவர்தான். அவருக்கும் போக முடியாத நிலைமை. மனைவிக்கு உடம்பு சுகமில்லை. "சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று கிளாக்கர் எழுதிக் கொடுத்ததற்குக் கீழே அவர் கையெழுத்து வைத்தார். தொரை எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார். மாமாவுக்கு அதில் பெருமைதான். தொரை அதற்கு முன்னால் யாருக்கும் கை கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

என் கையிலும் பேனா இருந்தது. என்னவோ ஒரு குழப்பத்தில், "நாளைக்கு வச்சுத் தாறேங்க தொரை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதே. அந்த நேரத்தில் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க கினிகத்தேனைக்குப் போனேன். கடை வைத்திருந்த நஸீர் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் சப்பாத்துப் பெட்டியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய மச்சினன் கண்டியில் ஒரு கம்பெனியில் இதே மாதிரி கையெழுத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவனாம்.

"ஒரு விஷயம் கேக்குறேன், சொல்லுங்க. நீங்க வேல வேணாங்கிறீங்களா, அந்த எடம் வேணாங்கிறீங்களா?"

"வேல வேணும் நானா. அந்த எடத்துக்குத்தான் போக ஏலாது."

"அப்ப அதத்தானே எழுதிக் குடுக்கணும்? விலகுறேன்னு ஏன் எழுதுறீங்க? வேல வேணாம்னு ஒங்க வாயால ஒரு சொல்லு வந்திச்சின்னா முடிஞ்சுது. நட்டஈடு கேக்க ஒங்களுக்கு ஒரு வழியும் இல்ல. வேலைக்குப் போறத மட்டும் நிப்பாட்டாதீங்க. ஹட்டன்ல அரசாங்கத்துத் தொழில் ஆபீஸ் இருக்கு, அங்க போய்க் கேளுங்க."

எவ்வளவு சின்னக் கேள்வி பார். அன்றிலிருந்து இன்றுவரைக்கும் அதை எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நேற்று நீ போனில் பேசும்போதும் எனக்கு அதுதான் ஓடியது. நீ வேலை வேண்டாம் என்று சொன்னாயா, அம்பாறை வேண்டாம் என்று சொன்னாயா?

தொரையிடம் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னேன். வலப்பனைக்குப் போக ஏன் முடியாது, பதிலுக்கு எங்கே வேலை செய்யத் தயார் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாற்றத்துக்குக் குறித்த தேதி வந்ததும் தோட்டத்துப் பதிவிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள். அதுமட்டும் இல்லை. "தோட்டத்துல பேர் இல்லாதவனுக்குக் காம்பரா எதுக்கு?" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். உன் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை, நானும் இல்லை என்றால் நாம் இருந்த காம்பராவுக்கு நமக்கு என்ன உரிமை? அந்தப் பயத்தை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ படித்துக்கொண்டிருந்தாய்.

ஆனாலும் நான் வேலைக்குப் போனேன். பெக்டரி இன்னும் அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, வேலை உடுப்போடு, பெரிய கேட்டுக்கு முன்னால் போய் நிற்பேன். காவலுக்கு இருந்தவர் சோமபால. பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆள், என்னைவிட மூத்தவர், என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார். மல்லி என்றால் தம்பி; நான் அவரை அய்யே என்பேன், அண்ணன் என்று. பல வருஷமாக அந்தக் கேட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டவர் இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "திறக்க வேண்டாமென்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், மல்லி" என்று சிங்களத்தில் சொல்வார். "பரவாயில்லை, அய்யே. நான் நிற்கிறேன்" என்பேன். சங்கு ஊதி, எல்லோரும் உள்ளே போய், மெஷின் ஓடத் தொடங்கும் வரைக்கும் நிற்பேன். கூட வேலை செய்தவர்கள் முதலில் நின்று பேசினார்கள். பிறகு தலையை ஆட்டினார்கள். பிறகு குனிந்துகொண்டு போனார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மாரிமுத்து மாமாகூட, "பைத்தியமாடா நீ? மானத்தோட விட்டுட்டு வேற வேல பாரேண்டா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

நீ ஒரு நாள் பார்த்துவிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று குறுக்கு வழியில் வந்தாய். "ஏம்ப்பா வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டாய். "மெஷின் ரிப்பேரும்மா, இப்பக் கூப்புடுவாங்க" என்றேன். நீ சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாய். கம்பிக்கு அந்தப் பக்கம் சோமபால முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும்.

நான் தப்பும் செய்தேன். மழை விடாமல் அடித்த ஒரு காலையில் தொரையின் ஜீப் உள்ளே போனது. சேறு என் மேல் எல்லாம் அடித்தது. நான் பொறுமையை விட்டுவிட்டேன். கேட்டை எட்டி உதைத்தேன், கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அந்த ஓர் உதைக்காகப் பின்னால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நான் கலகம் செய்யும் ஆள் என்று அதை வைத்தே பேசினார்கள். அதனால் சொல்கிறேன், உன் மேனேஜரோடு சண்டை போடாதே. வாட்ஸ்அப்பில் கோபமாக எதையும் எழுதிப் போட்டுவிடாதே. நீ என்னைப் போலத்தான், பொறுத்துப் பொறுத்து ஒரேயடியாக வெடிப்பாய்.

ஹட்டன் தொழில் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட மாதக்கணக்காயிற்று. அதுவரைக்கும் மரக்கறித் தோட்டங்களில் கிடைத்த கூலிக்குப் போனேன். காலையில் கேட்டில் நின்றுவிட்டு அப்படியே போவேன். விசாரித்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி, வயது குறைந்தவர், சிரிக்காத முகம். கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நான் இடமாற்றத்தை மறுத்தேன், அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை, தானாக வேலையைக் கைவிட்டவனுக்கு எந்த நட்டஈடும் கிடையாது என்று அவர் சொன்னார். நல்ல சுத்தமாகப் பேசினார். கேட்கக் கேட்க எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, வேலை வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "வெட ஓன மிஸ். எதென்ட யன்ன பே" என்றேன். வேலை வேண்டும், அந்த இடத்துக்குப் போகத்தான் முடியாது. ஏன் முடியாது என்று கேட்டார். கட்டில் வரிசையைச் சொன்னேன். அம்மா வெளிநாட்டில் இருக்கும் பெண்பிள்ளையைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் பெக்டரிக்குப் போனதைச் சொன்னேன்.

கம்பெனி அதிகாரி அதற்குத் தயாராக வந்திருந்தார். வெளியே உட்கார வைத்திருந்த சாட்சியைக் கூப்பிட்டார். உள்ளே வந்தது சோமபால.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை. அவரை நான் எப்படிக் குறை சொல்வது? பென்ஷன் வயதுக்குக் கிட்டத்தில் நின்ற மனிதர். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கம்பெனி அதிகாரி அவரைக் கேட்டார், "மாற்றத் தேதிக்குப் பிறகு இந்த ஆள் ஒரு நாளாவது பெக்டரிக்குள் வந்தாரா?" சோமபால, "இல்லை, சேர்" என்றார். "ஒரு நாள்கூட?" "ஒரு நாள்கூட இல்லை." அதிகாரி போதும் என்பது மாதிரி உட்கார்ந்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று சோமபாலவிடம் கேட்டார். சோமபால தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, "வந்தார் மிஸ். தினமும் வந்தார். நான்தான் கேட்டைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாமென்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்" என்றார்.

திரும்பி வரும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார அவர் பயந்தார், பின்னால் உட்கார்ந்தார். இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "அந்தக் கம்பெனி மாத்தயா கேட்டது நீ உள்ளே வந்தாயா என்று. மிஸ் கேட்டது ஏன் என்று. இரண்டுக்கும் பதில் சொன்னேன், மல்லி. வேறொன்றும் செய்யவில்லை" என்றார். அதற்குப் பிறகு அவரைக் கேட்டிலிருந்து எடுத்து மலை உச்சியில் இருந்த பழைய மடுவத்துக்குக் காவலுக்குப் போட்டார்கள். அவர் ஒருநாளும் அதை என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்தியது கம்பெனிதான், நானாக நிற்கவில்லை என்று முடிவானது. நட்டஈடு தந்தார்கள், காம்பராவில் இருக்க விட்டார்கள். பெக்டரியே மூடிவிட்டதால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா கடைசியில் சொன்ன ஒன்றை நான் உனக்கு மறைக்கக் கூடாது. இடத்தை மறுப்பதெல்லாம் சரியாகிவிடாது என்றார். கம்பெனி எனக்கு அங்கே குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு கொடுத்திருந்தால், நான் போயிருக்க வேண்டுமாம். போகாமலிருந்தால் தன்னுடைய முடிவு வேறாக இருந்திருக்குமாம். மறுத்தவனுடைய கஷ்டத்தையும் பார்ப்பார்கள், மாற்றம் நியாயமா என்பதையும் பார்ப்பார்கள். அதனால் நீ கட்டாயம் ஜெயிப்பாய் என்று நான் சத்தியம் செய்யவில்லை. உன் நியமனக் கடிதத்தில் நாட்டில் எங்கும் மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்துப் பார். குழந்தை இன்னும் பால் குடிக்கிறான் என்பதை எழுத்தில் சொன்னாயா? பக்கத்தில் வேறு கிளைக்குக் கேட்டாயா? கேட்காவிட்டால் கேள். அவர்கள் இல்லை என்று சொன்னாலும் அதை எழுத்தில் வாங்கு.

மாரிமுத்து மாமாவும் பிறகு அதே ஆபீசுக்கு வந்தார். என் விஷயம் முடிந்ததைக் கேள்விப்பட்டு, நானே கூட்டிப் போனேன். அந்த அம்மா, விலகுவதாக அவர் கையெழுத்து வைத்த தாளின் பிரதியைப் படித்தார். இது உங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாமா. மிரட்டி வாங்கினார்களா என்று கேட்டார். மாமா யோசித்துவிட்டு, "இல்ல மிஸ், கை குடுத்தாங்க" என்றார். அந்த அம்மாவின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். தாளை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு மாமா சொன்னார்: "எனக்கும் வேல வேணும்னுதாண்டா இருந்திச்சு. யாருமே கேக்கலியே." பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். சுகமில்லாத மனைவியை விட்டுப் போகக் கூடாது என்றுதான் கையெழுத்து வைத்தார், கடைசியில் விட்டுத்தான் போனார்.

வேலை இல்லாதவர்களுக்கு மாதாமாதம் அரசாங்கமே காசு கொடுக்கும் நாடுகள் இருக்கின்றனவாம். நமக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை. சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் நீ உழைத்துச் சேர்த்தது, அது வேறு கணக்கு. வேலை போனதற்காக ஏதாவது கேட்க வேண்டுமென்றால், அவர்கள் நிறுத்தினார்களா, நீயாக நின்றாயா என்ற ஒரு கேள்வியில்தான் எல்லாம் நிற்கிறது. அந்தக் கேள்விக்கு அவர்களுக்குப் பிடித்த பதிலை உன் கையெழுத்தில் எழுதித் தரச் சொல்கிறார்கள். சிரித்த முகம் அதற்குத்தான். எதையும் கொடுப்பதற்கு முன்னால் தொழில் ஆபீசுக்குப் போய்க் கேள். நாள் கடத்தாதே, மனுப் போடுவதற்குக் கெடு இருக்கிறது, அது தாண்டிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான் எழுதுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "அவள அம்பாறைக்குப் போகச் சொல்லி எழுதுங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன். நான் போனேன், திரும்பி வரலியா?" என்றாள். "வந்த. அவளுக்குப் பதினெட்டு வயசானப்ப வந்த" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதத்தான் சொல்றேன். நான் போகாட்டி அவ படிச்சிருப்பாளா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அவள் அனுப்பிய காசில்தான் நீ படித்தாய். நான் கேட்டுக்கு முன்னால் நின்றதால்தான் நீ இந்தக் காம்பராவில் பயமில்லாமல் தூங்கினாய். எது பெரிது என்று இரண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் அம்பாறைக்குப் போவதா வேண்டாமா என்பதை நான் சொல்லப் போவதில்லை. உனக்குப் போகலாம் என்று தோன்றினால் போ, குழந்தையை அம்மாவிடம் விடு. முடியாதென்றால் முடியாது என்று சொல். வேலை வேண்டாம் என்று மட்டும் எழுதாதே. அது பொய். நீ அந்த வேலையை எவ்வளவு பிரியமாகச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ் மேலே வளைவில் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது. உன் அம்மா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், பிடிக்காத கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாளாம். முழுதாக எழுதினேனா என்று தெரியவில்லை, திருப்பிப் படிக்க நேரமில்லை. நாளைக்குக் காலையில் வழக்கம் போலக் குளித்து, வேலைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, கதவு திறக்கும் நேரத்துக்குப் போ. எல்லோருக்கும் வணக்கம் சொல். உன் நாற்காலியில் உட்கார். எழுந்திரு என்று அவர்கள் சொல்லட்டும், சுகந்தி. நீயாக எழுந்திருக்காதே.

உன் அப்பா